தீட்டு நிழலும் நிழற்படமும்

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், மாலைப் பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் எடுத்த போட்டோக்களை வலைக்கயிற்றில் கட்டிக் காட்சிக்கு வைத்த அன்று பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கரண்ட் எப்போ போகும்னு தெரியாது, சுருக்கமாப் பேசிடுங்கன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. சுருக்கமாப் பேசறது கவிதை எழுதறவனுக்கும் வராது, வங்கிக் குமாஸ்தாவுக்கும் வராது. நான் ரெண்டும். பொறுத்துக்கணும்.

இந்தக் கயிற்றில் தொங்குகிற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நண்டு பிரிக்கிற கை. கவிழ்த்துப் போட்ட போட்டுக்குக் கீழே தூங்குகிற நாய். தாத்தா ஒருத்தர் பீடி பற்ற வைக்கிறார், தீக்குச்சி வெளிச்சத்தில் மூக்கு மட்டும் தெரிகிறது. படத்துக்குக் கீழே பிள்ளைகள் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்: இது எங்க பெரியப்பா, இது எங்க அத்தை, இது பக்கத்து வீட்டு ஆயா. இப்படி எழுத வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னே ஒரு தினசரிக் காலண்டர் கைக்கு வந்தது. யார் போட்ட காலண்டர் என்பது இங்கே முக்கியமில்லை. மேல் அட்டையில் நம்ம ஏரி. அற்புதமான படம், மறுக்க முடியாது. நூற்றுக்கணக்கில் பூநாரைகள், ஒரு பக்கமாக எழும்புகின்றன, இறக்கையின் உள்பக்கச் சிவப்பு அப்படியே தெரிகிறது. கீழே பறவையின் பெயர் தமிழில், ஆங்கிலத்தில், பிறகு லத்தீனில். படம் எடுத்தவர் பெயர். என்ன லென்ஸ், வினாடியில் எத்தனை பங்கு நேரம் திறந்திருந்தது என்பது வரைக்கும் அச்சிட்டிருந்தார்கள்: ஆயிரத்தில் ஒரு பங்கு.

பறவைகளுக்குப் பின்னால், தண்ணிக்குள்ளே நாலு உருவம். குனிந்திருக்கிற நாலு முதுகு. வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவி எறா பிடிக்கிற பொம்பளைங்க. அதில் இடமிருந்து இரண்டாவது எங்கம்மா.

அந்த முதுகை எனக்குத் தெரியும். அதில் சவாரி செய்தவன் நான். படத்துக்குக் கீழே அந்த நாலு பேரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இதைப் பார்த்து வந்த கோபத்தில்தான் போட்டோ என்கிற இந்தச் சமாச்சாரத்தின் மூலத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தமிழில் போட்டோவுக்கு நிழற்படம் என்று ஒரு பேர் உண்டு. வேடிக்கையாக, அது கண்டுபிடித்தவனின் வாயிலிருந்தே வந்த மாதிரி இருக்கிறது. 1839-இல் இங்கிலாந்தில் டால்பட் என்கிற கனவான் தன் ஆராய்ச்சியை வெளியிட்டபோது, நிழலைப் பிடித்து நிலைக்க வைக்கும் கலை என்றுதான் அதைச் சொன்னார். நிழலைப் போல் நிலையில்லாதது எது? அதையே தாளில் கட்டிப் போட்டுவிட்டேன் என்று அவருக்குப் பெருமை.

அதே காலத்தில் இந்த நாட்டில் நிழலின் கதை என்ன? பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் என்ன நடந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல், ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்திருக்கிறார். சாதி இந்து தெருவில் வந்தால் தீண்டத்தகாதவன் அந்தத் தெருவில் நடக்கக் கூடாது, அவன் நிழல் பட்டுத் தீட்டாகிவிடும். இடுப்பில் விளக்குமாறு கட்டிக்கொண்டு தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போக வேண்டும். பேஷ்வா ஆட்சி முடிந்தது 1818-இல். அதற்குச் சரியாக 21 வருஷம் கழித்து ஐரோப்பாவில் நிழலை நிலைக்க வைத்துவிட்டார்கள். விழவே கூடாத நிழலை எவன் பிடிப்பான்?

ஆனால் ஐரோப்பாக்காரனை உத்தமன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுடைய முதல் படங்களைப் பார்ப்போம்.

பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826-27 வாக்கில், தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளைத் தார் பூசிய ஈயக்கலப்புத் தகட்டில் பதிய வைத்தார். இன்று வரை அழியாமல் இருக்கிற மிகப் பழைய காமிராப் படம் அதுதான். மணிக்கணக்கில் வெயிலில் கிடந்த தகடு. சூரியன் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால் எல்லாச் சுவரிலும் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். அவர் இறந்த பிறகு கூட்டாளி டகேர் வெள்ளி பூசிய தகட்டில் வேகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1839 ஜனவரி 7-ஆம் தேதி பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டு 19-இல் செய்முறை வெளியீடு.

அந்த டகேர் 1838-இல், பாரிசில் ஜன நடமாட்டம் மிகுந்த ஒரு சாலையை மாடியிலிருந்து எடுத்த படம் இருக்கிறது. வண்டியும் குதிரையும் ஆளும் நெரிகிற தெரு. படத்தில் ஒருத்தரும் இல்லை. ஊரே காலி செய்துகொண்டு போனது போல் கிடக்கிறது. காரணம், தகடு பல நிமிஷம் திறந்திருக்க வேண்டும். நகர்ந்தவன் பதிய மாட்டான். ஆனால் ஓரத்தில் ஒரு ஆள் மட்டும் பதிந்துவிட்டான். ஒரு காலை மேலே தூக்கி வைத்து நிற்கிறான். பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறான். போட்டோவில் விழுந்த முதல் மனிதன் என்று உலகம் கொண்டாடுவது அவனைத்தான்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. அவன் தானாகப் பாலிஷ் போட்டுக்கொள்ளவில்லையே? காலடியில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே? அவனும்தான் பதிந்திருக்கிறான், கொஞ்சம் கலங்கலாக. கை ஓடிக்கொண்டே இருந்தது அல்லவா, வேலை செய்கிறவன் கை சும்மா இருக்காது. அசையாமல் நின்றவன் முதல் மனிதன் ஆனான். அவனை அசையாமல் நிற்க வைத்த வேலைக்காரனை ரொம்பக் காலம் யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. தந்தியோடு பேர் சேர்ந்திருக்கிற மோர்ஸ் 1839-இல் டகேர் வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். அதிலும் பூட்ஸ் துடைத்துக்கொண்டவனின் காலும் பூட்சும் எவ்வளவு தெளிவு என்றுதான் வியந்தார். இதே மோர்ஸ் பின்னாளில் அடிமை முறை நியாயம்தான் என்று புத்தகம் போட்டவர். இது சும்மா ஒரு தகவலுக்காக.

செருப்புத் தைக்கிற, துடைக்கிற சாதியிலிருந்து வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அந்தப் படத்தை இனி எங்கே பார்த்தாலும் கொஞ்சம் கீழே பாருங்கள்.

இன்னொரு பிரெஞ்சுக்காரர், பயார். அரசாங்கக் குமாஸ்தா, அதனால எனக்கு அவர் மேலே கொஞ்சம் பாசம். டகேர் தகட்டில் செய்ததை இவர் தாளிலேயே செய்தார். 1839 ஜூனிலேயே படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். ஆனால் மேலிடத்து ஆதரவு டகேருக்குத்தான். டகேருக்கு வருஷம் 6,000 பிராங்கு ஆயுள் பென்ஷன், நியெப்சின் மகனுக்கு 4,000. பயாருக்குப் பேருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து ஓரம் கட்டினார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? 1840-இல் தன்னையே தண்ணீரில் விழுந்து செத்த பிணமாகப் படம் எடுத்தார். கண் மூடி, இடுப்புக்கு மேல் துணியில்லாமல் சாய்ந்து கிடக்கிறார். படத்தின் பின்பக்கத்தில், அரசாங்கம் டகேருக்கு அள்ளிக் கொடுத்து எனக்குக் கைவிரித்தது, பாவி தண்ணீரில் விழுந்து செத்தான் என்று எழுதி வைத்தார். உலகின் முதல் எதிர்ப்புப் போட்டோ என்று அதை நான் சொல்வேன். தண்ணியில போனவங்களைத் தூக்கிப் பழகின ஊர் இது, உங்களுக்கு அந்தப் படம் சட்டென்று புரியும்.

அந்தக் குறிப்பில் ஒரு வரி என்னைத் தைத்தது. பிணத்தின் கையும் முகமும் கறுத்திருக்கிறது பாருங்கள், அழுக ஆரம்பித்துவிட்டது, நாற்றம் வரும், தள்ளிப் போங்கள் என்கிறது அது. உண்மையில் அது வெயிலில் கறுத்த கை. உடம்பின் மற்றப் பகுதி வெளுப்பு, கையும் முகமும் கறுப்பு. கறுத்த தோலை அழுகல் என்று பகடியாகச் சொல்லி விட்டார். நியாயம் கேட்டுக் கலகம் பண்ணுகிறவன் வாயிலும் அந்த உவமைதான் வருகிறது. நம் தோழர்கள் எழுதுகிற கவிதையிலும் கறுப்பு என்றால் இருட்டு, கேடு, களங்கம் என்று வந்துவிடுகிறது. நானும் எழுதியிருக்கிறேன். பார்த்து எழுத வேண்டும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். போட்டோ வைத்து வெளிவந்த முதல் புத்தகம் எது? 1843 அக்டோபரில் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்கிற பெண் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியது. என்ன படம்? கடல் பாசி! நம்ம காலைச் சுற்றுகிற அதே சாதிப் பாசி. காமிராவே இல்லை. இரும்பு உப்பு பூசிய தாளின் மேல் பாசியை வைத்து வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் தண்ணியில் அலசினால் நீலமாகும், பாசியின் நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842-இல் கண்டுபிடித்த முறை. பிற்காலத்தில் கட்டட வரைபடத்துக்கு நீலத் தாள் வந்ததே, அதுவும் இந்த வழிதான். எழுத்தையும் கையால் எழுதி அதையும் அதே முறையில் பதித்தார். பத்து வருஷம் உழைத்து 1853-இல் முடித்தார். ஆக, உலகின் முதல் போட்டோப் புத்தகம் முழுக்க முழுக்க நீலம். நம்ம கொடிக்காரங்க சந்தோஷப்பட்டுக்கலாம்.

ஆனால் அந்த அம்மா புத்தகத்தில் முழுப்பேர் போடவில்லை. இரண்டு எழுத்து மட்டும் போட்டார்: ஏ. ஏ. பின்னால் அதைப் பார்த்த ஒருவர், இது பெயர் தெரியாத ஒரு அமெச்சூர் என்பதற்கான சுருக்கம் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பணமும் படிப்பும் இருந்த வெள்ளைக்காரிக்கே இந்த கதி.

அடுத்த வருஷம், 1844-இல், டால்பட் தன் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். விலைக்கு விற்ற முதல் போட்டோப் புத்தகம். ‘இயற்கையின் எழுதுகோல்’ என்று பேர். 1846 வரை ஆறு பகுதி, மொத்தம் 24 படம். ஒவ்வொரு பிரதியிலும் நிஜப் போட்டோவைக் கையால் ஒட்டினார்கள். தாளைச் சாதாரண உப்புத் தண்ணியில் நனைத்து, காயவைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் வைக்கிற முறை அது. உப்புதான் அஸ்திவாரம். உப்புக்காற்றிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதெல்லாம் அந்நியமான சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதில் ஆறாவது படம் ‘திறந்த கதவு’. ஒரு தொழுவத்து வாசல். உள்ளே இருட்டு. சுவரில் ஒரு லாந்தர், ஒரு குதிரை வார். வாசலில் சாத்தி வைத்த ஒரு நீளமான விளக்குமாறு. நிழல் குறுக்கே விழுந்திருக்கிறது. ரொம்ப அழகான படம். விளக்குமாறு எங்கே சாய வேண்டும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார் டால்பட். பெருக்கிய ஆள் எங்கே? இல்லை. புனேயில் இடுப்பில் விளக்குமாறு கட்டிய ஆளுக்கு நிழல் மறுத்தார்கள். இங்கே விளக்குமாற்றின் நிழல் கலையாகிவிட்டது, பிடித்த கை காணாமல் போய்விட்டது.

புத்தகத்தின் தலைப்பையே கவனியுங்கள். இயற்கை வரைந்தது, ஒளி தானாகப் பதித்தது, ஓவியனின் கை படவே இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். ரெடிங் என்ற ஊரில் கூடம் அமைத்து நூற்றுக்கணக்கில் அந்தத் தாள்களை உப்பில் நனைத்து, வெயிலில் வைத்து, அலசிக் காயப்போட்டவர் டால்பட்டின் வீட்டு வேலைக்காரராக இருந்த ஹென்னமன். டச்சுக்காரர்.

டச்சு என்றதும் உங்களுக்கு இந்த ஊர்க் கல்லறைதானே ஞாபகம் வரும்? டால்பட்டும் டச்சுக்காரர்களைக் கூப்பிடுகிறார். விளக்குமாறு, வாசல் இதையெல்லாம் போய்ப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், அன்றாட வாழ்க்கையை வரைவதற்கு டச்சு ஓவியர்கள் முன்னுதாரணம் காட்டியிருக்கிறார்கள் என்று அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எழுதுகிறார். அந்த ஓவியர்கள் ஜன்னல் வெளிச்சத்தையும் பால் ஊற்றுகிறவளையும் வரைந்த அதே 17-ஆம் நூற்றாண்டில், அவர்கள் நாட்டுக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்து, பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் இந்தத் துறையிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பல் ஏற்றியது. இன்றைய ஜகார்த்தா. டச்சுப் பிரபுக்களுக்குக் கல்லறையில் பூ வேலை செய்த கல் இருக்கிறது, பேர் வெட்டியிருக்கிறது. கப்பல் ஏறியவர்களுக்கு இங்கே கல் கிடையாது. அது காமிரா வருவதற்கு முந்தின காலம். சரி, காமிரா வந்த பிறகு?

1840-லேயே கல்கத்தாவில் காமிரா விற்பனைக்கு வந்துவிட்டது. சென்னையில் 1856-இல் புகைப்படச் சங்கம் தொடங்கினார்கள். அதே வருஷம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரில் கிளம்பி, மெழுகு பூசிய தாள் நெகடிவுகளோடு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-இல் ஊர் ஊராகத் தொகுத்துப் புத்தகமாக வந்தது. தமிழ்நாட்டின் முதல் போட்டோப் புத்தகங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

என்ன எடுத்தார்? கோபுரம், மண்டபம், தெப்பக்குளம், அரண்மனை. பெரும்பாலும் ஆளே இல்லாத கல். வானம் வெறுமையாகப் பதிந்த இடத்தில் நெகடிவின் மேல் கையாலேயே மேகம் தீட்டினார். மேகத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டார். மூட்டை சுமந்து வந்தவர்கள், தண்ணீர் இறைத்து ஊற்றியவர்கள் யார் என்று அந்தப் புத்தகங்களில் தேடாதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டைச் சுற்றி வந்து 21 படமாக எடுத்து ஒட்டினார், ஏறக்குறைய 19 அடி நீளம். இன்றைக்கும் ஆச்சரியமான வேலை. ராஜராஜன் வெட்டி வைத்த அந்தக் கோயில் கல்வெட்டுகளில்தான் இறையிலி நிலங்களைக் கணக்கெடுக்கும்போது பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் பேர் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் நம்ம சேரி இருக்கிறது. வரி போடாமல் கழிக்க வேண்டிய நிலத்தின் எல்லை சொல்வதற்காக.

மதுரைக் கோயிலை அவர் 1858-இல் எடுத்தார். கோயில் நகைகளைக்கூட எடுத்து வைக்கச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார். மாட்டுக்கறி தின்கிற வெள்ளைக்காரனும் அவன் பெட்டியும் போன கோயிலுக்குள் நம்மவர்கள் போனது எப்போது? 1939 ஜூலை 8. வைத்தியநாதய்யர் ஐந்து தலித்துகளையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார். காமிராவுக்கும் நமக்கும் இடையில் 81 வருஷம். கோயில் நுழைவு நம்முடைய விடுதலை ஆகுமா என்பது வேறு விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இங்கே நான் பார்ப்பது வாசலில் யாருக்கு வழி விட்டார்கள் என்பதை மட்டும்.

அப்புறம் காமிரா நம் பக்கம் திரும்பியது. திரும்பாமலே இருந்திருக்கலாம். 1857 கலகத்துக்குப் பிறகு, ஆளப்படுகிற ஜனங்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள ‘இந்திய மக்கள்’ என்ற புத்தகம், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதி. ஒட்டிய போட்டோக்கள் 450-க்கு மேல். படத்துக்குக் கீழே ஆளின் பேர் இருப்பதைவிடச் சாதியின் பேர்தான் அதிகம், இந்தச் சாதி நம்பத்தக்கதா, திருடுமா என்று குணச் சான்றிதழ் வேறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, பின்னால் சிலரை நிற்க வைத்து, கல்யாண குரூப் போட்டோ மாதிரி எடுத்தார். அந்தப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கூலியாக வெட்டியதுதான் சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற கால்வாய்ப் பகுதி, நம் ஏரியைத் தொட்டுப் போகிற அதே பக்கிங்காம் கால்வாய். ஹூப்பர் அதோடு நிற்கவில்லை. 1886-இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது, குண்டு பாய்கிற கணத்தைப் பிடிக்கக் காமிராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று பத்திரிகையில் வந்து விசாரணை நடந்தது. 1909-இல் சென்னை அருங்காட்சியகத்து தர்ஸ்டன் ஏழு தொகுதி போட்டார், தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்று. அவர் மூக்கின் அகலத்தை அளக்கக் கவைக்கோல் வைத்திருந்தவர். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை.

வங்கிக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். நீலத் தாள் கண்டுபிடித்த ஹெர்ஷலைச் சொன்னேனே, போட்டோகிராபி என்ற சொல்லை 1839-இல் அறிஞர் சபையில் எடுத்து வைத்துப் பரவச் செய்தவரும் அவர்தான். படம் கறுத்துப் போகாமல் நிறுத்துகிற ஹைப்போ உப்பை அதற்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய மகன் வில்லியம் ஹெர்ஷல் வங்காளத்தில் கலெக்டர் உத்தியோகம் பார்த்தார். 1858-இல், டிரைப் மதுரையில் படம் எடுத்த அதே வருஷத்தில், ஜங்கிபூரில் ராஜ்யதர் கோனாய் என்கிற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். இவன் நாளைக்குக் கையெழுத்தை இல்லை என்று மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற கைரேகைப் பதிவுக்கு அது ஒரு ஆரம்பம். அப்பன் நிழலை நிறுத்தினார், மகன் ரேகையை நிறுத்தினார். ரெண்டும் சேர்ந்து இன்றைக்கு என் மேஜையில் இருக்கிறது. படம் ஒட்டு, விரலை வை.

ஏரியில் தடவி எறா பிடிக்கிற பொம்பளைங்க விரலை அந்த மெஷினில் வைத்தால் விழாது. சேறும் சிப்பியும் ரேகையைத் தேய்த்துவிடுகிறது. விரலை மாற்றி வை, துடைத்துவிட்டு வை, நல்லா அழுத்து என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு இருளர் கிழவி பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, “நான்தான் நேர்ல நிக்கறனேப்பா, அதுக்கு என்னாத்துக்கு வேணும் என் வெரலு?” என்று கேட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ராத்திரி தூக்கம் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டு, போட்டோவே வேண்டாம், உடைத்துப் போடு என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி ஓடி வந்த பிரெடரிக் டக்ளஸ், 19-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட மனிதர்களில் முதல் ஆள். 160-க்கு மேல் தேறுகிறது. நல்ல கோட்டு, முறைத்த பார்வை, சிரிக்கவே மாட்டார். பல்லைக் காட்டுகிற அடிமை என்று வெள்ளைக்காரன் வரைந்த கேலிச் சித்திரத்துக்கு அதுதான் அவருடைய பதில். 1861-இல் படங்களைப் பற்றியே மேடையில் சொற்பொழிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத சொஜோர்னர் ட்ரூத் என்ற அம்மா, தன் படத்தை அட்டையாகப் போட்டு விற்றார். உடம்பைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன் என்று அதில் அச்சிட்டிருந்தார். அடிமைச் சந்தையில் உடம்பை விற்றார்கள், நான் நிழலை விற்றுக்கொள்கிறேன், காசு எனக்கு! நம் வீடுகளில் கோட்டும் சூட்டும் கண்ணாடியுமாக பாபாசாகேப் படம் மாட்டியிருப்பதைப் பார்த்து, எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்கிறவர்கள் டக்ளசின் படங்களைப் பார்க்க வேண்டும்.

மறுபடி நம் காலண்டர்.

பாரிஸ் தெருவில் செருப்புத் துடைத்தவன் கலங்கிப் போனதற்கு ரசாயனத்தைக் காரணம் சொல்லலாம். தகடு மெதுவாக இருந்தது, கை வேகமாக இருந்தது. இந்தப் படத்தில் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பறக்கிற நாரையின் ஒவ்வொரு இறகும் நிற்கிறது, அதன் காலிலிருந்து சொட்டுகிற தண்ணி நிற்கிறது. எங்கம்மா முதுகும் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. கருவியில் குறை இல்லை. பேர் கேட்க ஒரு வாய் இல்லை, அவ்வளவுதான். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து போகிற செயற்கைக்கோளில் பூமியைப் படம் எடுக்கிற காமிரா 1983-லேயே போய்விட்டது. ராக்கெட் விடுகிற அன்றைக்கு நாம் கடலுக்குப் போகக் கூடாது. இத்தனை கண் இருக்கிறது நம்மைச் சுற்றி.

இதை வெளியாள் குற்றமாக மட்டும் சொல்லி முடித்துவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இந்த ஏரியில் பாடு உண்டு. இன்ன குப்பம், இன்ன தலைக்கட்டு, இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். பழைய ஏற்பாடு, ஏரியை ஒரே நாளில் வழித்து எடுத்துவிடாமல் காப்பாற்றியதும் அதுதான், மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் காலனிக்குப் பேர் இல்லை, இருளருக்குப் பேர் இல்லை. பாடு உள்ளவன் வலை போடுவான், இல்லாதவள் வாயில் பறியோடு குனிவாள். பாடு உள்ள அண்ணன்மார் சில பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். கோபிக்காமல் கேட்டதற்கு நன்றி. நாளைக்கு உங்கள் கூட்டத்தில் இதை யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

அந்தக் காலண்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். பெரிய விஷயமாகக் காட்டினேன், கோபமாகக் காட்டினேன். அம்மா வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. பறவையைப் பார்க்கவே இல்லை. விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தது. இது நானு. இது உங்க சின்னாயா, பாரு எடது தோளு எறங்கியிருக்கு. இது உங்க பெரியம்மா. இது அண்ணாமலைச்சேரி அத்தை, பாவம், போயிடுச்சு, அது போட்டோவே எங்கயும் இல்லேன்னு அது மவன் கருமாதிக்குத் தேடிக்கினு இருந்தான், இத அவன்கிட்ட குடு.

கொடுத்தேன். அவன் அந்த மூலையை மட்டும் கத்தரித்து, போட்டோக் கடையில் பெரிசாக்கி மாட்டி வைத்திருக்கிறான். முதுகுதான் தெரிகிறது, முகம் இல்லை. பொட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டத்தின் மேலே வைத்திருக்கிறார்கள்.

அம்மா கடைசியாக ஒன்று கேட்டது. “அன்னிக்கு எறாவே இல்ல. இவ்ளோ தூரத்துல இருந்து எடுத்தவன், கிட்ட வந்து கேட்டிருந்தா, இன்னா நாளுன்னாவது சொல்லியிருப்பேன்.”